டாக்டர்கள் ஏன் கருகிப் போனார்கள்? பெருந்தொற்றும் பர்ன்அவுட்டும்: ஓர் எளிய விளக்கம்

2021 மே மாதம். இரவு பதினொன்றரை மணி இருக்கும். என் சித்தி மகள் போன் செய்தாள். அப்போது அவள் தென்மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவம் முதலாமாண்டு பி.ஜி., அதாவது முதுநிலை மாணவி.

"அக்கா, இன்னைக்கு பதினாலாம் பெட் தாத்தா போயிட்டாரு. அவர் பையனுக்கு நான்தான் போன் போட்டுச் சொன்னேன். பாவம், ரொம்ப அழுதாரு. நான் போனை வெச்சுட்டு டீ குடிச்சேன்க்கா. டீ நல்லா இருந்துச்சு."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "டீ நல்லா இருக்குன்னு தோணிச்சு பாரு, அதுதான் பயமா இருக்கு" என்றாள்.

தூக்கம் இல்லை, கால் வலிக்கிறது, மெஸ்ஸில் சாப்பாடு தீர்ந்துவிட்டது என்றெல்லாம் அவள் ஒரு வருடமாகப் புலம்பிக்கொண்டுதான் இருந்தாள். அதற்கெல்லாம் எங்களிடம் ஒரே பதில்தான்: "ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வீட்டுக்கு வா." இதற்கு அந்தப் பதில் பொருந்தாது என்று மட்டும் எனக்குப் பட்டது. நான் டாக்டர் இல்லை, வங்கியில் வேலை பார்ப்பவள். அவளுக்கு என்ன ஆனது என்று புரிந்துகொள்ளப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை என்னைப் போன்றவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன்.

பெயர் எங்கிருந்து வந்தது

பர்ன்அவுட்டைப் பத்திரிகைகளில் பணிச்சோர்வு என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. சோர்வு என்றால் படுத்து எழுந்தால் போய்விடும். விளக்கில் எண்ணெய் வற்றிய பிறகு ஒரு நெடி வருமே, பாட்டி அடுக்களையில் இருந்தபடியே "திரி கருகுது, யாராவது பாருங்க" என்று குரல் கொடுப்பாளே, அதுதான் இது. எண்ணெய் எரிய வேண்டிய இடத்தில் திரியே எரிகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அப்போதும் விளக்கு எரிவதாகத்தான் தெரியும்.

இந்தச் சொல்லை ஆராய்ச்சிக்குள் கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். ஆண்டு 1974. நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச கிளினிக் ஒன்றில் அவர் வேலை பார்த்தார். பகலெல்லாம் சொந்த கிளினிக், சாயங்காலத்துக்கு மேல் இங்கே. கூட வேலை பார்த்த தன்னார்வலர்கள் ஆர்வமாக வந்து, சில மாதங்களில் எரிச்சலும் வெறுப்புமாக மாறிப் போவதைக் கவனித்தார். அவருக்கே அது வந்தது. ஆக, இந்தக் கருத்து பிறந்த இடமே ஒரு மருத்துவமனைதான். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் அதைக் கடன் வாங்கியது பிற்பாடு.

அதற்கு ஓர் அளவுகோல் செய்து கொடுத்தவர் கிறிஸ்டினா மாஸ்லாக். சூசன் ஜாக்சன் என்பவருடன் சேர்ந்து 1981-ல் அவர் வெளியிட்ட கேள்வித்தாளைத்தான் இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். அது மூன்று விஷயங்களைப் பார்க்கிறது. முதலாவது, உணர்வு வற்றிப்போவது. காலையில் எழுந்ததுமே "இன்னொரு நாளா" என்று இருக்கும். இரண்டாவது, எதிரில் இருப்பவர் மனிதர் என்ற எண்ணமே மங்கிப் போவது. நோயாளி "பதினாலாம் பெட்" ஆகிவிடுவார். மூன்றாவது, "நான் செய்வதால் யாருக்கு என்ன பயன்" என்ற நினைப்பு.

என் தங்கை சொன்ன டீக் கதை இந்த இரண்டாவது வகை. அது கல்நெஞ்சம் என்று நினைத்துத்தான் அவள் பயந்தாள். உண்மையில் அது மனம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போட்டுக்கொள்கிற தோல். ஒரே நாளில் ஐந்து வீட்டுக்குச் சாவுச் செய்தி சொல்பவள் ஐந்து வீட்டுக்காகவும் அழுதால் ஆறாவது நோயாளிக்கு ஊசி போடக் கை வராது. தோல் தடித்துக்கொண்டே போய் உள்ளே ஒன்றும் எட்டாமல் ஆகிவிடுகிறது என்பதுதான் சிக்கல்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் தன்னுடைய புதிய நோய் வகைப்பாட்டில் பர்ன்அவுட்டைச் சேர்த்தது, ஆனால் நோயாக அல்ல. "வேலை தொடர்பான நிகழ்வு" என்ற தலைப்பில் வைத்தது. 2019 மே மாதம் இது செய்தியானபோது பலர் "பர்ன்அவுட் இனி ஒரு நோய்" என்று தப்பாகப் பகிர்ந்தார்கள். வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். நோய் என்றால் மருந்தும் ஓய்வும் நோயாளிக்கு. வேலை தொடர்பான நிகழ்வு என்றால், பரிசோதிக்க வேண்டியது வேலையை. மனச்சோர்வு நோய் வேறு. அதற்குச் சிகிச்சை உண்டு, வேலைக்கே போகாதவருக்கும் அது வரும். பர்ன்அவுட்டைக் கவனிக்காமல் விட்டால் அதில் போய் முடியலாம் என்பது உண்மை. ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல.

தொட்டி ஏற்கெனவே பாதிதான் இருந்தது

கொரோனா வந்துதான் டாக்டர்கள் ஓய்ந்து போனார்கள் என்று சொல்வதில் பாதி உண்மைதான் இருக்கிறது. பயிற்சி டாக்டர்களுக்கு வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை இருக்கக்கூடாது என்று மத்திய அரசின் விதி 1992-லேயே சொல்லிவிட்டது. எந்த பி.ஜி. மாணவரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். புது நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் டே என்றால் காலை ஏழு மணிக்கு வார்டுக்குள் போனவர் மறுநாள் சாயங்காலம் வெளியே வருவது பெரும்பாலான இடங்களில் வழக்கம். "நாங்களும் அப்படித்தான் படிச்சோம்" என்று சீனியர்கள் பெருமையாகச் சொல்வதும் வழக்கம்.

தமிழ்நாட்டில் இதோடு சம்பளப் பிரச்சினையும் சேர்ந்திருந்தது. டாக்டர்களின் ஊதியம், பதவி உயர்வு பற்றிய அரசாணை 354-ஐ அமல்படுத்த வேண்டும், மத்திய அரசு டாக்டர்களுக்கு இணையான ஊதியம் வேண்டும், காலத்தோடு பதவி உயர்வு வேண்டும் என்று அரசு டாக்டர்கள் 2019 அக்டோபர் கடைசியில் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு வாரம் போல நீடித்தது. போராடியவர்கள் பலருக்கு இடமாற்றம் வந்தது. அந்த மனக்கசப்பு ஆறுவதற்குள், நாலைந்து மாதத்தில், கொரோனா வார்டு திறக்கப்பட்டது. முந்தின தீபாவளிக்குக் கோரிக்கை அட்டையோடு நின்றவர்கள்தான் அடுத்த சித்திரையில் கொரோனா வார்டில் முழுப் பாதுகாப்பு உடுப்போடு நின்றார்கள்.

வேலைப்பளு என்றால் நோயாளிக் கணக்கு மட்டுமா?

2021 மே மாதம் மூன்றாவது வாரத்தில் தமிழ்நாட்டின் ஒரு நாள் பாதிப்பு 36,000-ஐத் தாண்டியது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றதை டிவியில் பார்த்திருப்பீர்கள். படுக்கை காலியாகும்வரை ஆம்புலன்ஸுக்குள்ளேயே ஆக்சிஜன் ஓடியது. நோயாளிகள் அதிகம், டாக்டர்கள் குறைவு என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. வெளியே அதிகம் தெரியாத இன்னொரு கணக்கு இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை உண்மையில் தூக்கிச் சுமப்பவர்கள் பி.ஜி. மாணவர்கள். மூன்று வருடப் படிப்பு, ஆக எப்போதும் மூன்று பேட்ச் இருக்கும். முதலாமாண்டு ரத்தம் எடுக்கும், கேஸ் ஷீட் எழுதும், ரிப்போர்ட் வாங்க லேபுக்கு ஓடும், ட்ராலியும் தள்ளும். இரண்டாமாண்டு அதை மேய்க்கும். மூன்றாமாண்டு முடிவுகள் எடுக்கும், பரீட்சைக்குப் படிக்கும். ஒரு பேட்ச் வெளியே போகும்போது புது பேட்ச் உள்ளே வரும். மூன்று கால் முக்காலி மாதிரி.

2021-ல் இந்த முக்காலியின் ஒரு கால் வரவே இல்லை. முதுநிலை நீட் தேர்வு அந்த ஆண்டு ஏப்ரல் 18-ல் நடந்திருக்க வேண்டும். இரண்டாம் அலை என்று தள்ளி வைத்தார்கள். மே 3-ம் தேதி, இன்னும் குறைந்தது நான்கு மாதம் கிடையாது என்று அறிவிப்பு வந்தது. தேர்வு எழுதக் காத்திருக்கும் எம்.பி.பி.எஸ். டாக்டர்களைக் கொரோனா வேலைக்குப் பயன்படுத்தலாம் என்பது அதற்குச் சொன்ன காரணம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. தேர்வு நடந்தது செப்டம்பர் 11-ல். சரி, அதோடு முடிந்ததா? அகில இந்திய ஒதுக்கீட்டில் ஓ.பி.சி., பொருளாதார நலிவுற்றோர் இட ஒதுக்கீடு பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்ததால் கலந்தாய்வு நின்றது. டிசம்பரில் டெல்லியில் பயிற்சி டாக்டர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். 2022 ஜனவரியில்தான் கலந்தாய்வு தொடங்கியது.

இதற்குள் மூன்றாமாண்டு பேட்ச்சை எத்தனை நாள் பிடித்து வைக்க முடியும்? அவர்களும் ஒருவழியாகப் போனார்கள். அதன் பிறகு மூன்று பேட்ச் வேலை இரண்டு பேட்ச் தலையில். 2020-ல் சேர்ந்த என் தங்கை, ரத்தம் எடுத்து லேபுக்கு ஓடும் முதலாமாண்டு வேலையை ஒன்றரை வருடத்துக்கும் மேலாகச் செய்தாள். கூடவே இரண்டாமாண்டு வேலையும். "ஜூனியரே வராத சீனியர்" என்று வாட்ஸாப்பில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள். எங்களுக்கு அது ஜோக்காகத் தெரிந்தது.

இதை எந்தக் கிருமியும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். தேர்வு அட்டவணையும் வழக்கும் செய்தன.

அந்த உடுப்புக்குள்

பி.பி.இ. கிட் என்ற முழு உடுப்பைப் படத்தில் பார்த்தால் விண்வெளி வீரர் மாதிரி இருக்கும். உள்ளே இருப்பவருக்கு அது பாலிதீன் பை. கிருமி பரவும் என்று பல வார்டுகளில் ஏ.சி.யை அணைத்துவிட்டார்கள். அக்னி நட்சத்திர வெயில். ஆறு மணி நேரம் ஷிஃப்ட் என்றால் அந்த ஆறு மணி நேரமும் தண்ணீர் கிடையாது, பாத்ரூம் கிடையாது. ஒருமுறை கழற்றினால் அந்த உடுப்பு குப்பைக்குத்தான், ஆரம்ப மாதங்களில் மாற்று உடுப்புக்கு எங்கே போவது? 2020 தொடக்கத்தில் இந்தியாவில் இந்த உடுப்பைத் தயாரிப்பதே அபூர்வம். சில ஊர்களில் டாக்டர்கள் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வேலை பார்த்த செய்திகள் வந்தன.

என் தங்கை சொன்ன சில விவரங்கள்: உள்ளே போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். மாதவிடாய் நாட்களில் பெரியவர்களுக்கான டயப்பர் கட்டிக்கொள்வார்கள். கண்ணாடி பத்து நிமிடத்தில் பனி படிந்துவிடும், நரம்பைத் தேட முடியாது, விரலால் தடவிப் பார்த்துத்தான் ஊசி. இரண்டு கையுறைக்கு மேல் தடவினால் என்ன தெரியும்? முகம் தெரியாததால் முதுகில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிக்கொள்வார்கள். நோயாளிக்கோ எல்லாரும் ஒரே வெள்ளை உருவம்தான். "ஒரு பாட்டி என்னை மூணு நாளா நர்ஸுன்னே நினைச்சுட்டு இருந்துச்சு. நாலாவது நாள், நீ ஆம்பளையா பொம்பளையான்னு கேட்டுச்சு." இதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

சிரிப்பு இருக்கட்டும். டாக்டர் தொழிலில் களைப்பை ஈடுகட்டுவது ஒன்றே ஒன்றுதான், நோயாளியின் முகம். "நல்லா இருக்கேன் டாக்டரம்மா" என்று ஒருவர் சிரித்தால் ராத்திரி முழுக்க விழித்தது செரித்துவிடும். அந்த உடுப்பு அதையும் மறைத்துவிட்டது.

செய்யக்கூடாததைச் செய்யச் சொல்லும்போது

என்னைக் கேட்டால், வேலைப்பளுவைவிட டாக்டர்களை அதிகம் உடைத்தது இதுதான்.

மாஸ்லாக்கும் மைக்கேல் லீட்டர் என்பவரும் பிற்பாடு பர்ன்அவுட்டுக்கு வேலையிடத்தில் ஆறு வாசல்கள் இருப்பதாகச் சொன்னார்கள். வேலைப்பளு அதில் ஒன்றுதான். தன் வேலை தன் கையில் இல்லாமல் போவது, உழைப்புக்கு உரியது கிடைக்காதது, கூட வேலை செய்பவர்களோடு உறவு அறுவது, பாரபட்சம், தான் நம்பும் மதிப்புக்கு எதிராக நடக்க வேண்டியிருப்பது ஆகியவை மற்றவை. இந்தக் கடைசி வாசலைத் திறந்து வைத்ததற்கு ரெம்டெசிவிர் என்ற மருந்து நல்ல உதாரணம்.

2020 நவம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம், மருத்துவமனையில் இருக்கும் கொரோனா நோயாளிகளுக்கு இந்த மருந்தைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தது. உயிரைக் காப்பாற்றும் என்பதற்கு அன்று போதிய ஆதாரம் இல்லை. ஆனால் 2021 ஏப்ரலில் நாடு முழுக்க அந்தப் பெயர்தான் மந்திரம். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில் அரசே விற்பனை கவுன்ட்டர் திறந்தது. வெளியூரிலிருந்தெல்லாம் வந்து இரவு முழுக்க ரோட்டில் படுத்துக் கிடந்தார்கள். கூட்டம் தாங்காமல் மே நடுவில் நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள், பிறகு நேரடி விற்பனையே நின்றது.

அந்த வரிசையில் நின்றவர்கள் கையில் இருந்த சீட்டை எழுதியது யார்? ஒரு டாக்டர். அவருக்குத் தெரியும், இதனால் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை என்று. எழுதாவிட்டால், "எங்கப்பாவைக் காப்பாத்த நீங்க முயற்சியே பண்ணலை" என்று மகன் சட்டையைப் பிடிப்பான். எழுதினால், அந்த மகன் தாலியை அடகு வைத்துக் கள்ளச் சந்தையில் வாங்கி வருவான். எதைச் செய்தாலும் ராத்திரி தூக்கம் வராது.

கொரோனாவிலிருந்து தேறியவரின் ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவை நோயாளிக்கு ஏற்றிய கதையும் இதே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்து, உயிரிழப்பைக் குறைக்கவில்லை என்று 2020-லேயே முடிவு வெளியிட்டது. சிகிச்சை வழிகாட்டியிலிருந்து அதை நீக்கியது 2021 மே 17-ல். இடையில் எத்தனை வாட்ஸாப் குழுக்களில் "ஓ பாசிட்டிவ் பிளாஸ்மா அவசரம்" என்று பார்த்தோம்! என் வங்கியின் குழுவிலேயே தினமும் நாலு வரும். நானும் பகிர்ந்திருக்கிறேன்.

அப்புறம், படுக்கை. வென்டிலேட்டர் ஒன்று, தேவைப்படுபவர் மூவர். யாருக்கு? இத்தாலியில் 2020 மார்ச்சிலேயே தீவிர சிகிச்சை மருத்துவர்கள் சங்கம் இதற்கு ஒரு வழிகாட்டி எழுத வேண்டி வந்தது. பிழைக்கும் வாய்ப்பு அதிகம் உள்ளவருக்கு முன்னுரிமை என்பது அதன் சாரம். குறைந்தபட்சம் அது எழுத்தில் இருந்தது. தாங்கிக்கொள்ள ஒரு காகிதம் இருந்தது. நம் ஊரில் பல இடங்களில் அந்த முடிவை எடுத்தது ராத்திரி இரண்டு மணிக்கு ட்யூட்டியில் இருந்த இருபத்தேழு வயது ஆள்.

இப்படிப்பட்ட காயத்துக்கு அறக்காயம் என்று சொல்லலாம். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களைக் கவனித்த ஜோனதன் ஷே என்ற அமெரிக்க மனநல மருத்துவர் பிரபலமாக்கிய கருத்து இது. சரி என்று நெஞ்சு சொல்வதற்கு மாறாகச் செய்ய வேண்டி வந்தவனுக்கு, அல்லது மேலே இருப்பவர்கள் கைவிட்டதைப் பார்த்தவனுக்கு, பயத்தினால் வரும் பாதிப்பைவிட வேறு மாதிரியான ஒரு பாதிப்பு வருகிறது என்றார். களைப்புக்குத் தூக்கம் மருந்து. இதற்கு, தூங்கப் போனால்தான் தொல்லை ஆரம்பிக்கும்.

போன் வேலை

கொரோனா வார்டுக்குள் உறவினருக்கு அனுமதி இல்லை. நம் ஊரில் நோயாளி என்றால் கூடவே ஓர் ஆள் இருப்பார். கஞ்சி வாங்கி வருவார், முதுகைத் தடவிவிடுவார், "அம்மா மூச்சு வாங்குறாங்க, வந்து பாருங்க" என்று ஓடி வந்து சொல்வார். பெரிய ஆஸ்பத்திரிகளின் வேலையில் பாதியைச் செய்வதே இந்தக் கூட இருப்பவர்கள்தான். அவர்கள் வெளியே நிறுத்தப்பட்டதும் அத்தனை வேலையும், அதைவிட முக்கியமாக அத்தனை உணர்ச்சியும், டாக்டர் நர்ஸ்கள் மேல் விழுந்தது.

தங்கை தன் போனை ஜிப் வைத்த பாலிதீன் பைக்குள் போட்டு எடுத்துப் போவாள். சாயங்காலம் ஒவ்வொரு பெட்டாக வீடியோ கால். நோயாளி மாஸ்க்குக்குள் பேசுவது அந்தப் பக்கம் கேட்காது. இவள் குனிந்து கேட்டு உரக்கத் திருப்பிச் சொல்வாள். "மாட்டுக்குத் தண்ணி காட்டுனியான்னு கேக்குறாரு." "பீரோ சாவி அரிசிப் பானையில இருக்காம்." குடும்ப ரகசியங்கள் எல்லாம் ஒரு அந்நியப் பெண் வாய் வழியாகப் போயின. சாவி இருக்கும் இடம் சொன்ன அம்மா மறுநாள் இல்லை. பெட்டைத் துடைத்து அடுத்தவரைப் படுக்க வைக்க இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடத்தில்தான் வீட்டுக்குச் சொல்ல வேண்டும்.

சாவுச் செய்தி சொல்வது எப்படி என்று எம்.பி.பி.எஸ்.ஸில் அவளுக்கு யாரும் பழக்கிக் கொடுத்ததாக நினைவில்லையாம். வார்டில்தான் பழகினாள், ஒரு நாளைக்கு நாலைந்து முறை.

கைதட்டலும் கல்லும்

2020 மார்ச் 22 சாயங்காலம் ஐந்து மணிக்கு நாமெல்லாம் மாடியில் நின்று தட்டைத் தட்டினோம். மே 3-ம் தேதி மருத்துவமனைகள் மேல் ஹெலிகாப்டரிலிருந்து பூத் தூவினார்கள், சென்னையிலும்.

இந்த இரண்டு தேதிக்கும் நடுவில், ஏப்ரல் 19 ராத்திரி, சென்னையில் கொரோனாவால் இறந்த ஒரு நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவரைப் புதைக்க இடம் கொடுக்கவில்லை. கீழ்ப்பாக்கம் கல்லறைக்குக் கொண்டுபோனால் எதிர்ப்பு. அங்கிருந்து வேலங்காடு மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஆம்புலன்ஸ் மேல் கல்லும் கட்டையும் விழுந்தன, டிரைவர்களுக்கு ரத்தக் காயம். உடனிருந்த குடும்பம் ஓட வேண்டியதாயிற்று. கடைசியில் அவருடைய சக டாக்டர் ஒருவர், போலீஸ் காவலோடு திரும்பிப் போய், வார்டு ஊழியர்களுடன் சேர்ந்து தன் கையாலேயே மண்ணைத் தள்ளிப் புதைத்தார். அதன் பிறகு அடக்கத்தைத் தடுத்தால் மூன்று ஆண்டுவரை சிறை என்று மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. டாக்டர்களைத் தாக்குவதற்கு எதிராக மத்திய அரசு அவசரச் சட்டமும் அதே வாரத்தில்தான் வந்தது.

அந்த ஒரு ராத்திரி தமிழ்நாட்டு டாக்டர்களின் மனதில் என்ன செய்தது என்பதை அளக்க எந்தக் கேள்வித்தாளும் போதாது. "செத்தா நம்மளையும் இப்படித்தானா" என்று ஹாஸ்டலில் யாரும் தூங்கவில்லை என்று தங்கையின் சீனியர் ஒருவர் சொன்னார்.

இதெல்லாம் பெரிய சம்பவம். சின்னச் சின்னதாக எத்தனை! டாக்டர்களையும் நர்ஸ்களையும் வீட்டைக் காலி பண்ணச் சொன்ன வீட்டுக்காரர்கள் பற்றி டெல்லி எய்ம்ஸ் பயிற்சி டாக்டர்கள் 2020 மார்ச்சிலேயே உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். கைதட்டி இரண்டு நாள்கூட ஆகவில்லை. அதே டெல்லியில் மாநகராட்சி மருத்துவமனை டாக்டர்கள் மாதக்கணக்கில் சம்பளம் வராமல் அக்டோபரில் போராடினார்கள். புகழ்ச்சி ஒரு பக்கம், நடத்தை இன்னொரு பக்கம் என்றால், அந்தப் புகழ்ச்சியே எரிச்சலைக் கூட்டும். "கடவுள்" என்று கூப்பிடுவதில் ஒரு வசதி இருக்கிறது பாருங்கள், கடவுளுக்கு வாரவிடுப்பு கொடுக்க வேண்டாம்.

வீட்டுக்குக் கொண்டுபோகும் பயம் வேறு. முதலில், ஒரு வாரம் ட்யூட்டி, அப்புறம் ஓட்டலில் தனிமை என்று பல இடங்களில் வைத்திருந்தார்கள். 2020 மே நடுவில், பாதுகாப்போடு வேலை பார்த்தவர்களுக்குத் தனிமை கட்டாயமில்லை என்று மத்திய சுகாதார அமைச்சகம் சொல்லிவிட்டது. கைக்குழந்தை வைத்திருந்த டாக்டர்கள், எழுபது வயது அப்பா அம்மாவோடு இருந்தவர்கள், காரிலேயே தூங்கினவர்கள் உண்டு. இந்தப் பயம் வீண் பயமும் இல்லை. இந்திய மருத்துவச் சங்கத்தின் கணக்குப்படி இரண்டு அலைகளிலும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட டாக்டர்கள் இறந்தார்கள். 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகம் முழுக்க 80,000 முதல் 1,80,000 வரை சுகாதாரப் பணியாளர்கள் கொரோனாவால் இறந்திருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

அலை ஓய்ந்ததும் ஓயுமா?

இதற்கு விடை கொரோனாவுக்கு முன்பே ஓர் ஊரில் இருந்தது. 2003-ல் கனடாவின் டொரன்டோவைச் சார்ஸ் என்ற, கொரோனா வகையைச் சேர்ந்த தொற்று தாக்கியது. நாடு முழுக்க 44 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும் பங்கு மருத்துவமனை ஊழியர்கள். அது சில மாதத்தில் அடங்கிவிட்டது. ஓராண்டு, இரண்டாண்டு கழித்து ஆராய்ச்சியாளர்கள் போய்க் கேட்டபோது, சார்ஸ் நோயாளிகளைப் பார்த்த டொரன்டோ மருத்துவமனை ஊழியர்களிடம் பர்ன்அவுட், பக்கத்து ஊரான ஹாமில்டனில் சார்ஸைப் பார்க்காத மருத்துவமனைகளைவிடத் தெளிவாக அதிகம் இருந்தது. வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்வது, நோயாளிகளை நெருங்காமல் இருப்பது என்றெல்லாம் அவர்கள் மாறியிருந்தார்கள். யாருக்குப் பாதிப்புக் குறைவு என்றும் பார்த்தார்கள். தனக்குப் போதிய பயிற்சியும் பாதுகாப்பும் ஆதரவும் கிடைத்தன என்று உணர்ந்தவர்களுக்கு.

நியூயார்க்கில் அவசர சிகிச்சைப் பிரிவின் தலைவராக இருந்த லார்னா பிரீன் 2020 ஏப்ரலில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கொரோனா வந்து, தேறி, உடனே வேலைக்குத் திரும்பியவர். மனநலச் சிகிச்சை எடுத்தது தெரிந்தால் டாக்டர் உரிமம் போய்விடுமோ என்று அவர் அஞ்சியதாகக் குடும்பத்தினர் பின்னர் சொன்னார்கள். 2022 மார்ச்சில் சுகாதாரப் பணியாளர்களின் மனநலத்துக்காக அவர் பெயரிலேயே அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. டாக்டர்கள் உதவி கேட்கத் தயங்குவது அந்த ஊருக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. "டாக்டருக்கே டாக்டரா?" என்று நாம் விளையாட்டாகக் கேட்கிறோம்.

மருத்துவமனைகள் கொடுத்த தீர்வுகளைப் பற்றி ஒரு வரி. தங்கையின் கல்லூரியில் மன அழுத்தம் குறைக்க ஆன்லைனில் யோகா வகுப்பு நடத்தினார்கள், ஞாயிறு காலை ஏழு மணிக்கு. இரவு ட்யூட்டி முடிந்து வந்தவர்கள் கேமராவை அணைத்துவிட்டுத் தூங்கினார்களாம். யோகா மேல் எனக்கு ஒன்றும் கோபம் இல்லை. ஆனால் தேவைப்பட்டவை வேறு: ட்யூட்டி பட்டியலை ஒரு வாரம் முன்பே ஒட்டுவது, ராத்திரி இரண்டு மணிக்கும் சூடாகச் சாப்பாடு கிடைப்பது, சாவுச் செய்தி சொல்ல அனுபவமுள்ள ஒருவர் கூட நிற்பது, வென்டிலேட்டர் யாருக்கு என்ற முடிவை ஒரு குழுவாக எடுத்துக் கையெழுத்துப் போடுவது, காலியிடத்தை நிரப்புவது. இவற்றில் பாதிக்குச் செலவே கிடையாது.

இதைப் படிப்பவர் டாக்டரோ நர்ஸோ, மனசு சரியில்லை என்றால் 14416-க்கு அழைக்கலாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது; இலவசம், தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில்தான் வந்தது. 104-லும் பேசலாம்.

தங்கை இப்போது ஒரு தாலுகா மருத்துவமனையில் இருக்கிறாள். இந்தக் கட்டுரையைப் போடுவதற்கு முன் அவளுக்கு அனுப்பினேன், ஏதாவது தப்பாக எழுதியிருந்தால் சொல் என்று. இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் காலை ஒரு மெசேஜ்.

"எல்லாம் சரிக்கா. தாத்தா பதினாலு இல்ல, பதினேழாம் பெட். ஜன்னல் ஓரம். அவர் பையன் பேரு செல்வம்."